குந்தின நாய் மலையில் ஒரு தாம்பாளம்

வெள்ளமேட்டுக் குப்பத்துச் சடையனுக்கு ஐம்பத்திரண்டாவது வயதில் சர்க்கரை வியாதி வந்தது. உடம்பில் வரவில்லை, வாயில் வந்தது. ஒரு சனிக்கிழமை விடியற்காலை, தன் பெண்சாதி குப்பம்மாவின் மீன் வறுவல் வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டு, "டாக்டரு நடக்கச் சொல்லிட்டாரு, சுகராம்" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னான். சொன்ன வாயோடு மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்ட டீயையும் குடித்து முடித்தான்.

வண்டியைச் சுற்றி நின்றவர்கள் நாவலூர்க்காரர்கள். வாரம் முழுக்க ஐ.டி. ஆபீசில் உட்கார்ந்து முதுகு கூனிப்போன பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து 'நாவலூர் மலையேறிகள்' என்று ஒரு குழு வைத்திருந்தார்கள். சனிக்கிழமையானால் இருட்டோடு சைக்கிள் மிதித்துக் கிளம்புவார்கள். மாமல்லபுரம் தாண்டிக் குப்பத்துக்கு வந்ததும் குப்பம்மாவிடம் ஒரு டீ. அங்கிருந்து உள்ளே ஐந்து கிலோமீட்டர் மிதித்து ஒரு மொட்டைப் பாறை மலையில் ஏறுவார்கள். இறங்கி வந்து அதே வண்டியில் வறுத்த மீனை ஒரு கை பார்த்துவிட்டுப் போவார்கள். குழுவுக்குத் தலைவி பானுமதி. அவள் சொல்லாமல் அந்தக் கூட்டத்தில் ஒரு டயர்கூடச் சுற்றாது.

"நானும் வரட்டா பாப்பா?" என்று சடையன் கேட்டான்.

"தாராளமா வாங்க அங்கிள்" என்று அவள் அவன் தலையில் ஒரு ஹெல்மெட்டை மாட்டிவிட்டாள்.

குப்பம்மா மீனுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை. "எந்த டாக்டரு?"

"செங்கல்பட்டு டாக்டரு."

"எப்போ போன?"

"அன்னிக்கிதான்."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. முப்பது வருஷக் குடித்தனத்தில் அவள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் சடையனிடம் பதில் இருந்தது. கேட்காமல் விட்ட கேள்விகளுக்குத்தான் அவன் பயப்படுவான்.

சடையனின் சரித்திரத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஆளுயர அலையில் படகு செங்குத்தாக நிற்கும்போது பீடி பற்றவைக்கிற மனுஷன் அவன். ஆனால் மாடிப்படியில் மூன்றாவது படிக்கு மேல் போனால் உள்ளங்கால் கூசும். பக்கத்தில் இருக்கிற மாமல்லபுரத்துக் கலங்கரை விளக்கத்தில் உலகமே ஏறி இறங்கியிருக்கிறது, அவன் ஏறினதில்லை. கல்யாணமான புதிதில் குப்பம்மா திருக்கழுக்குன்றத்து மலைக்குக் கூப்பிட்டபோது, அடிவாரத்திலேயே சாமியை நினைத்துக் கும்பிட்டு, அவளை மட்டும் மேலே அனுப்பிவிட்டு, கீழே முறுக்கு தின்றுகொண்டிருந்தவன். அப்படிப்பட்டவன் மலையேறக் கிளம்பினான் என்றால் அதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும் அல்லவா?

இருந்தது. கரையிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளிக் கடலுக்கடியில் ஒரு பாறைத் திட்டு. குப்பத்தில் அதைப் 'பார்' என்பார்கள். அந்தப் பாரில் சங்கரா மீன் சிவக்கச் சிவக்கக் கிடக்கும். அது இருப்பது சடையன் ஒருவனுக்குத்தான் தெரியும். அவனுடைய அப்பன் சாகிற தறுவாயில் காதில் சொல்லிவிட்டுப் போனது. கண்டுபிடிக்க இரண்டு அடையாளம். வடக்கே பார்த்தால் கலங்கரை விளக்கம் சவுக்குத்தோப்பின் இடைவெளியில் நிற்க வேண்டும். மேற்கே பார்த்தால், நாவலூர்க்காரர்கள் ஏறுகிற அதே மலையின் உச்சியில் இருக்கிற ஒற்றைப் பனைமரம் கங்கையம்மன் கோயில் கோபுர நுனிமேல் நட்டுவைத்தது போல் நிற்க வேண்டும். இரண்டும் ஒருசேரப் பொருந்துகிற இடத்தில் தூண்டிலைப் போட்டால் போதும். அந்த மலைக்கு வேறு பெயர் இருந்தாலும் கடலிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது குந்தின நாய்தான்.

'இந்தக் காலத்தில் இதற்கெல்லாம் ஜி.பி.எஸ். இல்லையா?' என்று நீங்கள் கேட்கலாம். குப்பத்து ராகவன் அப்படித்தான் தன் பாரை ஜி.பி.எஸ். பெட்டியில் போட்டு வைத்தான். பெட்டி ஒருநாள் ரிப்பேருக்குப் போனது. அடுத்த வாரமே அவன் பார்மேல் ஏழு படகு நின்றது, அதில் முதல் படகு குப்பம்மாவின் தம்பி சரவணகுமாருடையது. மச்சான் அப்படிப்பட்ட கெட்டிக்காரன். சடையனின் சின்னப் படகைப் பின்தொடர்ந்து எத்தனையோ தடவை வந்திருக்கிறான். அத்தனை தடவையும் சடையன் அவனைச் சதுரங்கப்பட்டினம் வரைக்கும் இழுத்துக் கடலைச் சுற்றிக் காட்டிவிட்டு வெறும் வலையோடு கொண்டுவந்து விட்டிருக்கிறான். அதனால் பார் இருக்கிற இடம் சடையனின் மண்டையில் மட்டும் இருந்தது. குப்பம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. அக்கா வாய்க்கும் தம்பி காதுக்கும் எவ்வளவு தூரம் இருந்துவிடப் போகிறது என்பது அவன் கணக்கு.

போன புயலில் அந்தப் பனை முறிந்தது. குந்தின நாயின் முதுகு அரை மைல் நீளத்துக்கு ஒரே மட்டம். கோபுர நுனியை அதில் எந்த இடத்தில் பொருத்துவது? இரண்டு மாதம் தேடினான். வெறும் மணலில் தூண்டிலைப் போட்டுக் காரப்பொடி மாதிரி பொடிமீனைப் பிடித்துக்கொண்டு வந்தான். மலைமேல் போய்ப் பனை நின்ற இடத்தில் எதையாவது நட்டால்தான் உண்டு. ஆனால் செம்படவன் ஒருத்தன் தனியாக மலையேறினால் ஏன் என்று குப்பமே கேட்கும், சரவணகுமார் முதலில் கேட்பான். இப்படித்தான் சர்க்கரை வியாதி வந்தது.

முதல் சனிக்கிழமை, ஐஸ் பெட்டி கட்டுகிற பழைய சைக்கிளில் மிதித்து, மலையை நாலு காலில் ஏறினான். நடுவில் இரண்டு தடவை பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கங்கையம்மனைக் கூப்பிட்டான். பையில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் கேன் கொண்டுபோயிருந்தான். எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது, முறிந்த பனையின் அடிக்கட்டையில் ஒரு கழியைச் செருகி, கேனை அதன் உச்சியில் கவிழ்த்துக் கட்டினான். வேலை முடிந்தது என்று சந்தோஷமாக இறங்கினான்.

அடிவாரத்தில் கிருஷ்ணபிரசாத் அவன் கையில் கேனைக் கொடுத்தான். "அங்கிள், மறந்து வச்சிட்டு வந்துட்டீங்க."

கிருஷ்ணபிரசாத் ரொம்ப நல்ல பையன். எப்போதும் கடைசி ஆளாகத்தான் இறங்குவான். பறவை பார்க்க மூன்று கால் வைத்த ஒரு பெரிய தொலைநோக்கியைத் தோளில் சுமந்து வருவான். இன்னொரு கையில் குப்பைப் பை. மலைக்குக் கொண்டுபோனது எல்லாம் திரும்பி வர வேண்டும், ஒரு பிஸ்கட் காகிதம்கூட மேலே தங்கக் கூடாது என்பது பானுமதியின் சட்டம். அந்தச் சட்டத்தைச் சடையன் அப்போதுதான் கேள்விப்பட்டான்.

இரண்டாவது சனிக்கிழமை, தண்ணீர் பாட்டிலில் படகுக்கு அடிக்கிற வெள்ளைப் பெயின்ட்டை ஊற்றிக்கொண்டு போனான். ஒதுங்கிவிட்டு வருகிறேன் என்று சுண்டுவிரலைக் காட்டிவிட்டு, அடிக்கட்டைக்குக் கிழக்கே கடலைப் பார்த்திருந்த பாறையில் கதவளவுக்கு வெள்ளை பூசினான். இதைக் கிருஷ்ணபிரசாத் பையில் போட முடியாது பாருங்கள்! திங்கட்கிழமை கடலுக்குப் போனான். கோபுர நுனிமேல் வெள்ளையாக ஒரு பொட்டு. அன்றிலிருந்து வெள்ளிவரை தினமும் படகு நிறையச் சங்கரா. குப்பம்மா வண்டியில் கூட்டம் தாங்கவில்லை. சடையன் மீசையைத் தடவிக்கொண்டு குப்பத்தை வலம் வந்தான்.

மூன்றாவது சனிக்கிழமை மலையுச்சியில் பானுமதி அந்த வெள்ளைப் பாறைக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"எந்த அறிவுகெட்ட ஜென்மம் இதைப் பண்ணுச்சு?" என்றாள்.

"அதான பாப்பா? மனுசனா அவன்?" என்றான் சடையன்.

"இறங்கிப் போய் பிரஷ், தின்னர் வாங்கிட்டு வரச் சொல்லியிருக்கேன். சுத்தம் பண்ணாம யாரும் கீழ போகக் கூடாது."

தன் கையாலேயே பூசியதைத் தன் கையாலேயே ஒன்றரை மணி நேரம் தேய்த்தான் சடையன். மற்றவர்கள் கை ஓய்ந்து உட்கார்ந்தபோதும், கண் கலங்கக் கலங்க அவன் மட்டும் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்துக் குழுவே நெகிழ்ந்துபோனது. 'இந்த மாதத்தின் மலை நண்பர்' என்று பட்டம் கொடுத்து, அவன் பாறையைத் தேய்க்கிற போட்டோவை வாட்ஸ்அப்பில் போட்டார்கள். சாயங்காலத்துக்குள் அது குப்பத்துக்கு வந்துவிட்டது.

"இன்னா மாமா, மல மேல குந்திகினு பாறைக்குச் சோப்பு போட்டுகினு கீற?" என்று சரவணகுமார் கேட்டான். வாய்தான் சிரித்தது. கண் அளவெடுத்தது.

நான்காவது சனிக்கிழமை குப்பம்மா வண்டியைப் பக்கத்து வீட்டுச் சகுந்தலாவிடம் விட்டுவிட்டுப் புடவையை இழுத்துச் செருகினாள். குழுவுக்காக ஒரு எவர்சில்வர் தாம்பாளம் நிறைய வேர்க்கடலைச் சுண்டல். "எனக்கும் சுகர்" என்றாள்.

சைக்கிளில் கிருஷ்ணபிரசாத்தின் பின்னால் உட்கார்ந்து வந்தவள், மலையடிவாரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, தாம்பாளத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, கையைக்கூட ஊன்றாமல் ஏறினாள். இருபது வருஷம் மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக நடந்த கால். குழு பாதி மலையில் மூச்சு வாங்கும்போது அவள் உச்சியில் நின்றுகொண்டு, "வாங்க கண்ணுங்களா, சுண்டல் ஆறிடும்" என்று கூப்பிட்டாள். சடையன் வழக்கம்போல் நாலு காலில் வந்து சேர்ந்தான்.

மற்றவர்கள் சுண்டல் தின்ன உட்கார்ந்ததும் அவள் அவனை அடிக்கட்டைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள்.

"யோவ், ஒய்ங்கா சொல்லு. இந்தப் பனைமரம்தான உன் பாருக்கு அடையாளம்?"

சடையனுக்கு மலையே சுற்றியது. "யாரு சொன்னது?"

"இது வுழுந்த அன்னிக்கி நீ மூணு வேளையும் சோறு துன்னல. உங்கம்மா செத்த அன்னிக்கே ரெண்டு தட்டு துன்ன ஆளு நீ. ஒரு பனைமரத்துக்கு எவன்யா பட்டினி கெடப்பான்?"

"உன் தம்பிக்குத் தெரியுமா?"

வாயிலிருந்து வந்தபிறகுதான் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டோம் என்று தெரிந்தது. குப்பம்மாவுக்குக் கோபம் வந்தால் கத்துவாள். அன்று கத்தவில்லை.

"முப்பது வருசம் உன் வூட்டுல குந்திகினு உன் மீனை வறுத்தேன். உனக்குக் கேக்கத் தோணுன மொதக் கேள்வி இதுவாய்யா?"

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. தான் செய்தது பெரிய தப்பு என்று அந்தப் பாறைமேல் சடையனுக்குப் பட்டது. தலையைக் குனிந்துகொண்டான்.

அந்த நேரம் பார்த்துப் பானுமதி காலித் தாம்பாளத்தைத் துடைத்துக் கொண்டுவந்து நீட்டினாள். எதிர் வெயில் அதில் பட்டுச் சடையனின் முகத்தில் அடித்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பினான். குப்பம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு தாம்பாளத்தையும் கடலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கொண்டுபோனது திரும்பி வரணும். அவ்ளோதான உங்க சட்டம், பானு?"

"ஆமா ஆன்ட்டி."

"இது போவும், திரும்பி வரும்" என்றாள் குப்பம்மா. பானுமதிக்குப் புரியவில்லை. சடையனுக்குப் புரிந்தது. இறங்குகிற வழியில், அப்பன் தன் காதில் சொன்ன அடையாளம் இரண்டையும் அவள் காதில் சொன்னான்.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து சடையனுக்குச் சர்க்கரை குணமாகிவிட்டது, வியாதி முழுக்கக் குப்பம்மாவுக்குப் போய்விட்டது. அவள் சுண்டலோடு மலையேறுவாள். சரியாக ஏழு மணிக்கு அடிக்கட்டைமேல் நின்று தாம்பாளத்தைச் சூரியனுக்குக் காட்டி இப்படியும் அப்படியும் ஆட்டுவாள். கடலில் சடையன் மேற்கே பார்ப்பான். மலை முதுகில் பளிச், பளிச். அதைக் கொண்டுபோய்க் கோபுர நுனிமேல் உட்கார வைப்பான், தூண்டிலை இறக்குவான். வாரத்துக்கு ஒரு நாள்தான், ஆனால் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஊரே மீன் தின்கிற நாள். வேறு யாராவது படகிலிருந்து அது என்ன மினுக்குகிறது என்று கேட்டால், செல்போன் டவர் கட்டுகிறார்கள் என்பான்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சடையனின் வாய் சும்மா இருந்திருந்தால் இன்னும் நன்றாகப் போயிருக்கும்.

ஒருநாள் டீக்கடையில் சரவணகுமார் அவனைப் பிடித்துக்கொண்டான். "எப்படி மாமா, சனிக்கிழமையானா உனக்கு மட்டும் சங்கரா வருது?"

"மூளை மச்சான். கடல் கணக்கு பூரா இந்த மண்டைல கீது."

"சரி, அக்கா இன்னாத்துக்கு வாராவாரம் மல ஏறுது?"

ரகசியத்தைக் காப்பாற்ற ஏதோ ஒரு பொய் வேண்டியிருந்தது. சடையன் தேவைக்கு மேலேயே சொல்லிவிட்டான். "அவளுக்கு இன்னா தெரியும்? வூட்டு வேலைக்கு வணங்கல. ஐ.டி. பசங்களோட சேந்து ஊர் சுத்தினு கீறா. ஒரு புண்ணியமும் இல்ல."

டீக்கடை சிரித்தது. சிரித்தவர்களில் சகுந்தலாவின் புருஷனும் ஒருவன். சடையன் வீடு வந்து சேர்வதற்குள் சேதி வந்து சேர்ந்திருந்தது.

குப்பம்மா சோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள். அவன் முதல் கவளத்தை வாயில் வைத்தபிறகு சொன்னாள்: "வர்ற சனிக்கெயம நீ தாம்பாளம் புடி. நா படகுல போறேன்."

"இன்னாமே பேசுற? பொம்பள எங்கனா கடலுக்குப் போவாளா?"

"எங்கப்பன் படகுல பன்னெண்டு வயசு வரிக்கும் நாந்தான் சுக்கான் புடிச்சேன். புண்ணியமில்லாதவதான மல மேல நிக்கிறா? அந்தப் புண்ணியத்த நீ நின்னு பாரு."

"ஒத்த ஆளா எப்டிப் படகு தள்ளுவ?"

"ஏன், எந்தம்பி இல்ல?"

சடையனுக்குச் சோறு இறங்கவில்லை. பனைமரம் விழுந்த நாளுக்குப் பிறகு இரண்டாவது தடவையாக அவன் தட்டில் கை கழுவினான்.

சனிக்கிழமை மலையுச்சி. சூரியன் கடலைவிட்டு மேலே வந்துவிட்டது. சடையன் தாம்பாளத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நாயின் வால் பக்கம் போய் நின்றான், அதாவது அடிக்கட்டையிலிருந்து நன்றாகத் தள்ளி. அங்கே நின்று காட்டினால் குப்பம்மா மணலில் தூண்டில் போடுவாள், சரவணகுமாருக்கு ஒன்றும் கிடைக்காது, அப்பன் காதில் சொன்னது காதோடு இருக்கும். அடிக்கட்டையில் நின்று காட்டினால் முப்பது வருஷம் காப்பாற்றியது அன்றோடு போச்சு.

"அங்கிள், ஆன்ட்டி எப்பவும் அந்தக் கட்டைகிட்டதானே நிப்பாங்க?" என்றாள் பானுமதி.

"எங்க நின்னா இன்னா பாப்பா" என்றான். சொல்லும்போதே, எங்கே நின்றால் என்ன ஆகும் என்பது அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது. தம்பிக்கு முன்னால் குப்பம்மா வெறும் தூண்டிலை இழுப்பாள். யாரிடமும் எதுவும் சொல்ல மாட்டாள். கரைக்கு வந்து சோறு போடுவாள், குழம்பு ஊற்றுவாள். அதற்குப் பிறகு அவனிடம் எதுவுமே கேட்க மாட்டாள். அதை நினைத்தபோது உயரத்தைவிட அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

"போவுது போ, கங்கையம்மா" என்று முணுமுணுத்துக்கொண்டு, அரை மைல் நீள நாயின் முதுகில் முதல்முறையாக இரண்டு காலில் நடந்து அடிக்கட்டைக்கு வந்தான். அதன்மேல் ஏறித் தாம்பாளத்தைத் தூக்கிப் பிடித்தான். ஆட்டவே வேண்டியிருக்கவில்லை. கை நடுங்கிய நடுக்கத்தில் அது தானாகவே ஆடியது.

கால்மணி நேரம் போயிற்று. கண்ணுக்கு எட்டியவரை கடல், அதில் பொட்டுப் பொட்டாகப் படகுகள். எது தன் படகு என்று தெரியவில்லை. முப்பது வருஷமாகக் கரையில் இருந்தவளுக்கு இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது. பொறுக்க முடியாமல் கிருஷ்ணபிரசாத்திடம் போனான்.

"தம்பி, அந்தப் பறவை பாக்குற மெசின்ல என் படகத் தேடிக் குடு."

கிருஷ்ணபிரசாத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நீலப் படகு, மஞ்சள் கோடு... இதோ" என்று விலகி நின்றான்.

சடையன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தான். படகு சரியாகப் பாரின் மேல் நின்றுகொண்டிருந்தது. குப்பம்மா சுக்கானை முழங்காலால் அணைத்துக்கொண்டு கையால் தூண்டிலை இழுத்தாள். தண்ணீரிலிருந்து சிவப்பாக ஒன்று துள்ளிக்கொண்டு வந்தது. முன்பக்கம் சரவணகுமார் குந்தியிருந்தான், தலையில் சிவப்புத் துண்டு. வெயிலுக்குக் கட்டியிருக்கிறான் என்று நினைத்தான் சடையன். நன்றாகப் பார்த்தான். துண்டு தலையில் இல்லை. கண்ணைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றி, பிடரியில் வலை முடிச்சுப் போட்டு இறுக்கியிருந்தது. அவன் மெல்ல ஒரு விரலால் துண்டைத் தூக்கப் பார்த்தான். குப்பம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல், படகில் தண்ணீர் இறைக்கிற டப்பாவால் அவன் மண்டையில் ஒன்று வைத்தாள். விரல் கீழே இறங்கியது.

சடையன் தொலைநோக்கியைவிட்டு நிமிர வெகுநேரம் ஆயிற்று. நிமிர்ந்தபோது இரண்டு கன்னமும் நனைந்திருந்தது.

"என்னாச்சு அங்கிள்? கண்ணுல என்ன?" என்று பதறினான் கிருஷ்ணபிரசாத்.

சடையன் தாம்பாளத்தை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"ஒண்ணுமில்ல தம்பி" என்றான். "சுகரு."